முதலில் கடைக் கொப்பியை எடுங்கள்

கேட்ட தம்பிக்கு வயது 38. திருகோணமலை டவுனில் கந்தோர் வேலை, நாள் முழுக்கக் கதிரை. அப்பாவுக்கு இருபது வருடமாகச் சலரோகம் (நீரிழிவு), போன வருடம் ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குப் பிரஷர். "எனக்கும் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நட, சீனியைக் குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற என்னால் முடியாது. எதை முதலில் மாற்றினால் பலன் கிடைக்கும்?" இதுதான் கேள்வி.

நான் வைத்தியர் இல்லை. அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற மருந்தாளர், இப்போது ஓய்வு. அந்த யன்னலில் நின்றால் ஒரு ஊரின் சாப்பாட்டுப் பழக்கம் முழுவதும் தெரிந்துவிடும். தகப்பன் சலரோகக் குளிசை மெட்ஃபோர்மின் வாங்க வருவார், அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்த மகன் பத்து வருடம் கழித்துத் தன் பெயர் எழுதிய கிளினிக் கொப்பியோடு அதே வரிசையில் நிற்பான். பரம்பரை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பரம்பரையும் உண்மைதான், ஆனால் தகப்பன் வீட்டிலிருந்து மகனுக்கு வருவது இரத்தம் மட்டுமா? அதே அடுப்பு, அதே தேத்தண்ணிக் கோப்பை, அதே சோற்று அளவு எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. இரத்தத்தை மாற்ற முடியாது, மற்றதெல்லாம் நம் கையில்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நீங்கள் சிகரெட், பீடி, சுருட்டு ஏதாவது புகைக்கிறவர் என்றால் கீழே எழுதப்போகும் எதையும் இப்போதைக்கு வாசிக்க வேண்டாம், முதலில் அதை விடுங்கள். புகைத்துக்கொண்டே சிவப்பரிசி சாப்பிடுவது ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைக்கிற கதை. விட்டு ஒரு வருடத்தில், புகைத்ததால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும், இவ்வளவு இலாபம் தருகிற மாற்றம் வேறு எதுவும் இல்லை. தனியாக விட முடியாவிட்டால் 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம், புகைத்தலை விட விரும்புகிறவர்களுக்கென்றே இருக்கிற அரச தொலைபேசிச் சேவை. வெற்றிலையையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று யன்னலில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது, நம் நாட்டு ஆண்களிடம் கூடுதலாகக் காண்கிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான்.

சரி, அது உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு மாதச் சாமான் வாங்குகிற கடைக் கொப்பியை எடுங்கள். கொப்பி இல்லாவிட்டால் பில்லுகளைச் சேர்த்து வையுங்கள். இரண்டு வரி மட்டும் பாருங்கள்: உப்பு, சீனி. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் வீட்டுக்கு மாதத்துக்கு 600 கிராம். உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது? சீனி ஒருவருக்கு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது கணக்கு. அப்படியானால் நான்கு பேருக்கு மாதம் 3 கிலோ நல்ல அளவு, 6 கிலோ கடைசி எல்லை. இதில் வெளியே குடிக்கிற தேத்தண்ணி, பிஸ்கட், கேக், போத்தல் சோடா எதுவும் சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏன் இந்தக் கொப்பிக் கதை என்றால், ஆளைக் கேட்டால் எல்லோரும் "நான் சீனியே பாவிக்கிறதில்லை, உப்பும் குறைவுதான்" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது. கலியாண வீட்டில் இரண்டு லட்டு சாப்பிட்டது ஞாபகம் இருக்கும், அதற்காகக் கவலைப்படவும் செய்வார்கள், ஆனால் தினமும் கைபழக்கத்தில் நடப்பது கணக்கிலேயே வராது. வருடத்தில் பத்து நாள் விருந்து உங்களை ஒன்றும் செய்யாது. மிச்ச 355 நாள் என்ன நடக்கிறது என்பதைத்தான் கொப்பி காட்டும். அந்த 355 நாளை மாற்றுகிறவர்தான் தப்புகிறார்.

என் சொந்தக் கதையையே சொல்கிறேன். 44 வயதில் சும்மா சோதித்துப் பார்த்தபோது வெறுவயிற்று இரத்தச் சீனி 118. (100 முதல் 125 வரை என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தரம் வந்தால் சலரோகம் வந்தாயிற்று.) நான் ஒரு நாளைக்கு ஏழு கோப்பை தேத்தண்ணி குடிக்கிறவன், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. ஒரு கரண்டியில் நாலைந்து கிராம் வரும், ஐந்து கோப்பையிலேயே நாளின் கடைசி எல்லை முட்டிவிடுகிறது, மிச்ச இரண்டும் கணக்குக்கு வெளியே. மனைவியிடம் வீரமாக "இன்றிலிருந்து சீனி இல்லை" என்றேன், மூன்றாம் நாள் தலையிடி, நான்காம் நாள் பழைய கோப்பை. அவ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அரைக் கரண்டி குறைத்துக்கொண்டே வந்திருக்கிறா. மூன்று மாதம் கழித்து ஒரு மரணவீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், வாயில் வைத்ததும் பாயசம் மாதிரி இருந்தது, அப்போதுதான் விஷயம் விளங்கியது. நாக்கு பழகும் தம்பி, சில கிழமை அவகாசம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உப்புக்கும் இதே கதை.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் ஆகவே தேத்தண்ணி. கோப்பையின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம், கந்தோரில் அது ஒரு ஆறுதல். கரண்டியைக் குறையுங்கள். பனங்கட்டி, சர்க்கரை என்றால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. உடம்புக்குள் போனால் அதுவும் சீனிதான். ஆனால் வெறும் தேத்தண்ணிக்கு ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கிற பழைய பழக்கத்தில், கரைத்துக் குடிப்பதைவிடக் குறைவாகத்தான் போகும், அதில் ஒரு கெட்டித்தனம் உண்டு. போத்தல் பானங்களில் 2016 முதல் நம் நாட்டில் நிற அடையாளம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சிவப்பு என்றால் சீனி கூட, அம்பர் நடுத்தரம், பச்சை குறைவு. போத்தலைத் திருப்பிப் பாருங்கள். செவ்விளநீரும் தேசிக்காய்த் தண்ணியும் இருக்கிற ஊரில் சிவப்பு வட்டத்துக்குக் காசு கொடுப்பது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது தட்டு. நம் தட்டைப் பாருங்கள்: முக்கால்வாசி சோறு, ஓரத்தில் ஒரு துண்டு மீன், கறிக் குழம்பு, பேருக்கு ஒரு கரண்டி மரக்கறி. வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். மச்சம் இல்லை, மரக்கறிச் சாப்பாடு, ஆகவே ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டு சோற்றோடு உருளைக்கிழங்குக் கறி, அப்பளப் பொரியல், மோர்மிளகாய், வடை, பிறகு பாயசம். அதில் மரக்கறி எங்கே இருக்கிறது? மாவும் எண்ணெயும் உப்பும்தான். நான் விரதத்துக்கு எதிரி இல்லை, நானும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனால் கீரை வறையும் பயற்றங்காயும் பருப்பும் வைத்தாலும் விரதம் விரதம்தானே.

அளவு சொல்லச் சொன்னால், தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன் அல்லது பருப்பு, கால் பங்கு சோறு. ஒரே நாளில் இதற்குப் போக முடியாது, போகவும் வேண்டாம். சோற்றுக் கரண்டியை ஒன்று குறைத்து அந்த இடத்தில் வல்லாரைச் சம்பலோ முருங்கையிலைச் சுண்டலோ வையுங்கள். சாப்பிடும் ஒழுங்கையும் மாற்றிப் பாருங்கள், முதலில் மரக்கறியும் மீனும், கடைசியில் சோறு. ஒரே சாப்பாடுதான், ஆனால் சாப்பிட்ட பின் சீனி ஏறுகிற வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழைத்து உருட்டிச் சாப்பிடுகிற நமக்கு இது கஷ்டம், எனக்கே இன்னும் முழுதாகக் கைவரவில்லை. சிவப்பரிசி வெள்ளைப் பச்சையைவிட நல்லது, தவிடும் நாரும் மிஞ்சியிருக்கும். அதற்காகச் சிவப்பு என்ற தைரியத்தில் மலையாகக் குவித்தால் பலன் போச்சு. தம்பலகாமத்து நெல்லில் குத்திய அரிசி என்றாலும் கோப்பைக் கணக்குக் கணக்குத்தான்.

மீன் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சூடை, நெத்தலி, சூரை எல்லாம் இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ள மீன்கள், விலையும் பாரை, சீலாவைவிடக் குறைவு. குழம்பாக வையுங்கள். இரவு கொத்து ரொட்டியும் பின்னேரம் ரோல்ஸும் தினசரிப் பழக்கமாக இருந்தால் அதைக் கிழமைக்கு ஒன்றாக்குங்கள், முழுதாக விடச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் விடுவீர்கள்.

உப்பு. இவ்வளவு பச்சை மீன் கிடைக்கும் ஊரில் கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஆட்களும் நாம்தான். கருவாடு, மாசி, ஊறுகாய், அப்பளம், பக்கற் நூடில்ஸின் தூள், சூப் கட்டி, இவற்றுக்குள் இருக்கும் உப்பு கடைக் கொப்பியின் உப்பு வரியில் வராது. பாணிலும் உப்பு இருக்கிறது, அதோடு சம்பலில் இன்னொரு தரம். கருவாடு வேண்டுமென்றால் நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறிக்குத் தனியாக உப்புப் போடாமல், கிழமைக்கு ஒரு நாள். சோறு வடிக்கும்போது உப்புப் போடுகிற வீடுகள் அதை நிறுத்தினால் ஒரு மாதத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இது உங்கள் அம்மாவின் பிரஷருக்கு நேரடி மருந்து. சோடியம் குறைந்த உப்பு என்று பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் வரும், சாதாரண ஆட்களுக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் லொசார்ட்டன், எனலாப்ரில் மாதிரிப் பிரஷர்க் குளிசை எடுப்பவர்களும் கிளினிக்கில் கேட்காமல் தொடக்கூடாது. உங்கள் அம்மா எந்தக் குளிசை எடுக்கிறா என்று பாருங்கள். முதுகு நோவு, முழங்கால் நோவு என்று பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குகிற பழக்கமும் பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்யுமா என்று யோசிப்பீர்கள் இல்லையா? 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்கு எடையில் 7 வீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தார்கள், அவர்களுக்குச் சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது, மெட்ஃபோர்மின் குளிசை எடுத்த கூட்டத்தில் 31 வீதம்தான் குறைந்தது. அது வெள்ளைக்காரன் உடம்பு, நமக்குச் சரிவராது என்பார்கள். அதனால்தான் எனக்கு 2006இல் வந்த இந்திய ஆய்வு பிடிக்கும், சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு செய்தது, நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிற 531 பேர். ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் 55 வீதமானவர்களுக்கு மூன்று வருடத்துக்குள் வருத்தம் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் அது 39 வீதம். அமெரிக்கக் கணக்கு அளவுக்கு இல்லை, உண்மைதான், ஆனால் குளிசை எடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட இதே அளவுதான், குளிசையையும் நடையையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொரு விஷயம், சென்னைக்காரர்கள் பெரிதாக மெலியவும் இல்லை, எடை அசையாமலே ஆபத்துக் குறைந்திருக்கிறது. நடந்தும் நிறை இறங்கவில்லை என்று நொந்து நிறுத்திவிடுகிறவர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

நடை. கிழமைக்கு 150 நிமிடம் என்றால் ஐந்து நாள் அரை மணித்தியாலம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம். நம் ஊரில் விடிய ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் நடந்தால்தான் உண்டு, அதற்குப் பிறகு வெயில் அடித்துப் போட்டுவிடும். டச்சுக்குடாக் கடற்கரை தட்டையாக இருக்கும், கோட்டை வாசலால் நுழைந்து மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு ஏறினால் நெஞ்சுக்கு நல்ல வேலை. ஆனால் நவம்பர், டிசம்பர் மழை வந்தால் எல்லோருடைய நடையும் நின்றுவிடும், தைப்பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம் என்று விட்டது சித்திரை வரை போகும். அதனால் நடையை மட்டும் நம்பாதீர்கள். சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டு விறாந்தையிலோ முற்றத்திலோ நடந்தால் சீனி ஏறுவது குறையும், அதற்குச் சப்பாத்தும் வேண்டாம் கடற்கரையும் வேண்டாம். கந்தோரில் அரை மணிக்கு ஒருக்கால் எழும்புங்கள். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் ஊரே சைக்கிள் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? பெற்றோல் வந்ததும் சந்திக் கடைக்கு முட்டை வாங்கக்கூட மோட்டார் சைக்கிள். அந்தச் சைக்கிள் இன்னும் உங்கள் கொட்டிலில்தான் இருக்கும்.

இதில் பெண்களுக்கு வேறு கதை. விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய்வருகிற ஆளிடம் "நீ நடக்கிறதில்லை" என்று குறை சொல்வது எனக்குக் கோபம் வருகிற விஷயம். யாராவது அந்தச் சமையலில் ஒரு மணித்தியாலத்தை வாங்கிக்கொண்டால் அவ நடப்பா. உங்கள் வீட்டில் அந்த யாராவது நீங்கள்தான் தம்பி, தேங்காய் துருவப் பழகுங்கள். அப்படியே முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் கறியை முடிக்கவும் பழகலாம்.

நித்திரை ஏழு மணித்தியாலம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும், இன்சுலின் வேலையும் மந்தமாகும். சாராயம், பியர், கள்ளு எதற்கும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியாயிற்று, இதில் நான் விளக்க ஒன்றும் இல்லை.

இனி அளவுகள். தராசை விடுங்கள், தையல்காரரின் அளவு நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் இனத்து ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் எச்சரிக்கை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கிற உடம்பு நம்மிடம் அதிகம், பார்வைக்கு ஒல்லி, உள்ளே ஈரலைச் சுற்றிக் கொழுப்பு, அதனால்தான் குண்டில்லாதவர்களுக்கும் சலரோகம் வருகிறது. உங்களுக்கு 38 வயது, தகப்பனுக்கு இருக்கிறது, ஆகவே வருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரிகளில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்று 2011 முதல் நடத்துகிறார்கள், 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வருத்தக்காரருக்கான இடம் என்று நினைத்து நல்ல உடம்போடு இருக்கிற ஆண்கள் அந்தப் பக்கமே போவதில்லை, அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். வெட்கப்படாமல் போங்கள்.

பாவற்காய்ச் சாறு, கோவை இலை, அந்தப் பட்டை இந்த வேர் என்று யாராவது சொன்னால், கறியாகச் சாப்பிடக்கூடியதைக் கறியாகச் சாப்பிடுங்கள். ஆனால் அப்பாவின் குளிசையை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துச் சீனி நானூறோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே நேரத்தில் எல்லாம் முடியாது என்றீர்கள். இந்த மாதம் கொப்பியும் கரண்டியும். அடுத்த மாதம் தட்டு. மூன்றாம் மாதம் உப்பு. நடையை இன்றைக்கே பத்து நிமிடத்தோடு தொடங்கலாம். இப்போது ஒரு எச்பிஏவன்சி (HbA1c) இரத்தச் சோதனை செய்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்து பாருங்கள், அந்தச் சோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, ஆகவே சோதனைக்கு முதல்நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழே என்றால் நல்லது, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. விரலை எடுத்தபின் அப்பாவின் காலை யார் பார்க்கிறார்கள்? நீண்டகாலச் சலரோகத்தில் பாதத்து உணர்ச்சி மங்கிவிடும், கல் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. கோயிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் மத்தியானப் பூசைக்கு வேண்டாம், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சுடுகல்லில் நடந்தால் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாமல் இருக்கும். காலைப் பூசைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் கதிரையில் இருத்தி, இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள், ஈரம் இருந்தால் துடையுங்கள், சின்னக் கீறல் இருந்தாலும் அடுத்த நாளே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.